ஒழுகும் கூரையும் ஒரு மாத நோட்டீசும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஐப்பசி பிறந்துவிட்டால் என் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் குறை மாறிவிடும். மற்ற மாதங்களில் அட்வான்ஸ் திரும்ப வரவில்லை, கரண்ட் யூனிட்டுக்குக் கூடுதலாக வாங்குகிறார்கள் என்று வருவார்கள். மழை பிடித்ததும் கைப்பேசியில் படங்களோடு வருகிறார்கள். காரை பெயர்ந்து கம்பி தெரியும் சீலிங், கறுப்புப் பூசணம் படர்ந்த படுக்கையறைச் சுவர், கூடத்தின் நடுவே வைத்த பிளாஸ்டிக் வாளி. எல்லாவற்றையும் காட்டிவிட்டு, "சட்டத்துல இதுக்கு ஏதாவது வழி இருக்கா சார்?" என்று கேட்பார்கள். இருக்கிறது என்று நான் சொல்லத் தொடங்குவதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்: "ஆனா நாங்க வக்கீலைப் பார்த்தது ஹவுஸ் ஓனருக்குத் தெரியக் கூடாது."

இன்று நான் பேசப்போவது அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பற்றித்தான். வாடகை வீட்டில் அவசரப் பழுது நேர்ந்தால் குடியிருப்பவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே சட்டம் பதில் எழுதிவிட்டது. அந்த உரிமையைக் கேட்டால் வீடு போய்விடுமே என்ற அச்சத்துக்குத்தான் இன்னும் பதில் எழுதவில்லை.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். பெரம்பூர்ப் பக்கம், பழைய கட்டடம், முதல் மாடிப் போர்ஷன். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். மேல்மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, அந்த ஈரம் சமையலறை ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியிருந்தது. அந்த அம்மா ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, மரக்கரண்டிக் காம்பால் மிக்ஸி ஸ்விட்சைத் தட்டிவிடுவதை நேரில் பார்த்தேன். சமையலறைக்குள் செருப்பே நுழையாத குடும்பம் அது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் காய்ந்த துண்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். மகள் மறந்துபோய் வெறுங்கையால் தொட்டுவிடக் கூடாதே என்று. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்திருக்கிறார். எர்த் கம்பி பெயருக்குத்தான் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் ஆர்சிசிபி அந்த வீட்டில் இல்லை. சுவரை உடைத்துக் குழாயை மாற்றி, ஒயரையும் புதிதாக இழுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரரிடம் சொன்னபோது முதலில் "பார்க்கலாம்" என்றார். பிறகு "மழை விடட்டும்" என்றார். கடைசியாக, "சரிப்பட்டு வரலேன்னா வேற இடம் பார்த்துக்கங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். செருப்பும் மரக்கரண்டியும் அப்போது வந்தவைதான்.

இனி சட்டம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு. செய்து தரக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை, அறிவிப்புக் கொடுத்து நியாயமான காலம் கடந்த பிறகும் உரிமையாளர் செய்யாமல் இருந்தால், குடியிருப்பவரே செய்துகொண்டு, ஆன செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்கிறது. வட்டியோடு என்பதைக் கவனியுங்கள். வெள்ளையர் ஆட்சியில் எழுதிய சட்டம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. ஆனால் 'கடமைப்பட்ட' என்ற இடத்தில்தான் வழக்குகள் மாட்டிக்கொண்டன. எந்தப் பழுது உரிமையாளர் கடமை, எது குடியிருப்பவர் பொறுப்பு என்று அந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை. ஒப்பந்தத்தைப் பார் என்றது. நம் ஒப்பந்தங்களோ முத்திரைத்தாளில், யாரோ எப்போதோ அடித்து வைத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி எடுப்பவை. பழுது பற்றி அதில் ஒரு வரி இருந்தால், அது குடியிருப்பவர் சேதப்படுத்தினால் அட்வான்ஸில் பிடிக்கப்படும் என்ற வரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பள்ளத்தை நிரப்பியது, தமிழ்நாடு அரசு 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வாடகைச் சட்டம். நில உரிமையாளர், குத்தகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்பது அதன் நீண்ட பெயர். 1960-இன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதோடு விடைபெற்றது. புதிய சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை ஒவ்வொரு வாடகைதாரரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். கட்டடத்தின் உறுதி சார்ந்த பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, உள்ளும் புறமுமான மின் ஒயரிங், இவையெல்லாம் உரிமையாளர் தலையில். குழாயின் வாஷர், அடைத்துக்கொண்ட வடிகால், வாஷ் பேசின், கீசர், ஸ்விட்ச், பிளக் பாயின்ட், பூட்டு, தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி, இவை குடியிருப்பவர் பொறுப்பு. பெரம்பூர் வீட்டில் உரிமையாளர் "ஸ்விட்ச் எல்லாம் உங்க வேலைம்மா" என்று சொல்லியிருந்தார். ஸ்விட்ச் அவர்கள் வேலைதான். அதற்குப் பின்னால் சுவருக்குள் நனைந்து கிடக்கும் ஒயரும், அதை நனைக்கும் குழாயும் அவருடைய வேலை. இந்த எல்லைக்கோடு தெரியாததால்தான் பல குடும்பங்கள் வாயடைத்துப் போகின்றன.

அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவு வழியையும் சொல்கிறது. உரிமையாளர் தன் பொறுப்பிலுள்ள பழுதைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் செய்துகொண்டு வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. வீடு குடியிருக்கவே லாயக்கில்லாமல் போய், எழுத்தில் கேட்டும் அவர் மறுத்தால், 15 நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம்.

தாளில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாத வாடகை 10,000 ரூபாய். குழாயும் ஒயரிங்கும் பூச்சுமாக 30,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முப்பதாயிரத்தை முதலில் குடியிருப்பவர் கையிலிருந்து போட வேண்டும். பிறகு மாதம் 5,000 வீதம் கழித்தால், போட்ட பணம் திரும்ப ஆறு மாதம். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம்தான் பாக்கி என்றால்? உரிமையாளர் புதுப்பிக்க மாட்டேன் என்று சொன்னாலே போதும், பாதிப் பணம் சுவருக்குள் போய்விடும். 15 நாளில் வெளியேறும் உரிமையும் அப்படித்தான். அரையாண்டுத் தேர்வு நடக்கிறது, அட்வான்ஸ் அவரிடம் முடங்கிக் கிடக்கிறது, புது வீட்டுக்கு மறுபடி அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், வண்டி வாடகை. மூன்று மாத வாடகை என்ற அளவைச் சட்டம் சொன்னாலும் அதைத் தாண்டிக் கேட்பது சென்னையில் ஊறிப்போன வழக்கம். அந்தத் தொகை எதிராளி கையில் இருக்கும்வரை யாரும் உரக்கப் பேச மாட்டார்கள்.

இதற்கும் மேலே ஒரு சங்கடம் இருக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது 2017 சட்டம். ஓராண்டுக்கு மேல் போனால் பத்திரப்பதிவு வேண்டும் என்பதற்காக உண்டான பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். நல்ல ஏற்பாடு. ஆனால் அப்படி எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியது, 21-ஆம் பிரிவின்படி, வெளியேற்றுவதற்கே ஒரு காரணம். ஒப்பந்தம் போடாமல் இழுத்தடித்தவர் யாராக இருந்தாலும், கடைசியில் பெட்டி கட்ட வேண்டியவர் குடியிருப்பவர். ஒழுகும் கூரையைப் பற்றி எழுத்தில் புகார் கொடுத்தவருக்கு, உன்னிடம்தான் ஒப்பந்தமே இல்லையே என்று வெளியேற்று மனு பதிலாக வரலாம். புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் காலி செய்யச் சொல்வதைத் தடுக்கும் பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை. பழுதை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்ற கெடுவும் இல்லை. என் மனக்குறை இந்த இரண்டும்தான்.

20-ஆம் பிரிவு ஒன்றுதான் ஆறுதல். தண்ணீர், மின்சாரம், மாடிப்படி விளக்கு, கழிவுநீர் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகாரி இடைக்கால உத்தரவு போட்டுத் திரும்பத் தரச் செய்யலாம். எரிந்துபோன மோட்டாரை வேண்டுமென்றே சரிசெய்யாமல் விட்டு, தண்ணீர் ஏறாமல் செய்வதும் நிறுத்துவதுதான் என்று இந்தப் பிரிவின் கீழ் வாதிட இடமிருக்கிறது என்பது என் கருத்து. இளம் வழக்கறிஞர்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும்.

பழிவாங்கலைச் சட்டத்தால் தடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலிருந்து ஒரு வழக்கு. எட்வர்ட்ஸ் எதிர் ஹபீப், 1968. மாதாமாதம் வாடகை கொடுக்கும் ஒரு பெண், வீட்டின் சுகாதாரக் கேடுகளைப் பற்றி நகர அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார். ஆய்வாளர் வந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விதிமீறல்களைக் கண்டார். வீட்டுக்காரர் முப்பது நாள் நோட்டீஸ் கொடுத்தார். மாத வாடகைக் குடியிருப்பாளரை எந்தக் காரணமும் சொல்லாமல் அனுப்ப அவருக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்கெல்லி ரைட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: காரணமே இல்லாமல் அனுப்பலாம்; புகார் கொடுத்தார் என்ற காரணத்துக்காக அனுப்ப முடியாது. குடியிருப்பவர்கள் புகார் சொன்னால்தான் சுகாதார விதிகள் உயிரோடு இருக்கும், சொன்னவரைத் தெருவில் விட அனுமதித்தால் அந்த விதிகள் செத்துப்போகும் என்பது அவர் கண்ட நியாயம்.

இரண்டு ஆண்டு கழித்து அதே நீதிபதி இன்னொரு தீர்ப்பு எழுதினார். சுமார் 1,500 விதிமீறல்கள் இருப்பதாகச் சொல்லி, கிளிஃப்டன் டெரஸ் என்ற குடியிருப்பில் வாடகை கொடுக்காமல் நிறுத்திய குடும்பங்களின் வழக்கு அது. குடியிருக்கத் தக்க நிலையில் வீட்டை வைத்திருப்பேன் என்ற வாக்குறுதி, எழுதாவிட்டாலும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் அடங்கியிருக்கிறது என்றது தீர்ப்பு. சட்ட மாணவர்கள் பெரும்பாலும் இந்த 1970 தீர்ப்பைத்தான் படிக்கிறார்கள். 1968 தீர்ப்பு இல்லாமல் இது நடைமுறைக்கு வந்திருக்காது என்பேன். புகார் சொல்ல வாய் திறக்க முடிந்தால்தானே, வீடு தக்க நிலையில் இல்லை என்பது நீதிமன்றத்துக்குத் தெரியும்?

நாள் கெடு இல்லாததன் விலை என்ன என்பதை இங்கிலாந்து ஒரு குழந்தையை இழந்து கற்றுக்கொண்டது. ரோச்டேல் நகரில், ஒரு வீட்டுவசதி அமைப்பின் குடியிருப்பில் இருந்த குடும்பம் அது. சுவரில் படர்ந்த பூசணத்தைப் பற்றித் தந்தை 2017-லேயே சொன்னார். மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. குடும்பத்தின் பழக்கவழக்கமே பூசணத்துக்குக் காரணம் என்றும் அந்த அமைப்பு நினைத்தது. 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற அந்தக் குழந்தை இறந்தான். வயது இரண்டு. வீட்டுப் பூசணத்தால் வந்த சுவாச நோயே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அவாப் பெயரால் வழங்கும் அந்த விதிகள் 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தன. உயிருக்கு ஆபத்தான அவசரக் கேடு என்றால் 24 மணி நேரத்துக்குள் வந்து பார்த்துப் பாதுகாப்புச் செய்ய வேண்டும். கடுமையான ஈரமும் பூசணமும் என்றால் பத்து வேலை நாளில் ஆய்வு, அடுத்த ஐந்து வேலை நாளில் பாதுகாப்பு ஏற்பாடு. முடியாவிட்டால் அதுவரை தங்க மாற்றிடம் தர வேண்டும். அதே 2025-இல், காரணம் சொல்லாமல் காலி செய்ய வைக்கும் பழைய பிரிவை ஒழிக்கும் வாடகைதாரர் உரிமைச் சட்டமும் அங்கே நிறைவேறியது. கெடுவையும் காப்பையும் அவர்கள் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் பூசணத்தைவிட எனக்கு அதிகம் அச்சம் தருவது சீலிங். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, கம்பியைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உப்பி, விரிந்து, பாளம் பாளமாக விழும். திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் கதை வேறு. அங்கே மேலிருந்து இறங்கும் ஈரம் தேக்கு உத்தரங்களின் சுவரோரத்து முனையை உளுக்கச் செய்கிறது. அந்த முனை சுவருக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் அரசு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் இருந்த பகுதி இடிந்து தரைமட்டமானது. விரிசலைப் பார்த்துக் குடியிருந்தவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அது வாடகை வழக்கு அல்ல. ஆனாலும் விரிசலை முதலில் பார்க்கிறவர் உள்ளே குடியிருப்பவர்தான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். அவர் வாயைத் திறக்கப் பயந்தால் கட்டடத்தின் எச்சரிக்கை யாருக்கும் போய்ச் சேராது.

வீட்டு உரிமையாளர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய வாடகைக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பல பத்தாண்டுக்கு முந்தைய வாடகை ஒரு கொத்தனாரின் நாள்கூலிக்குக்கூடக் காணாத வீடுகள் இருந்தன. அந்த வருமானத்தில் யார் உத்தரம் மாற்றுவார்கள்? அந்தக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றைக்கும் ஓய்வூதியத்தோடு ஒரு போர்ஷன் வாடகையை நம்பிக் காலம் தள்ளும் முதியவர்கள், கணவர் விட்டுச் சென்ற ஒரே வீட்டின் வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் ஏராளம். ஒரேயடியாக இரண்டு லட்சம் செலவென்றால் அவர்கள் எங்கே போவார்கள்? மும்பை இதற்கு 1969-லேயே ஒரு வழி கண்டது. பழைய வாடகைக் கட்டடங்களில் பழுதுபார்ப்பு வரி வசூலித்து, அந்த நிதியிலிருந்து வேலை செய்ய ஒரு வாரியத்தை அமைத்தது. அந்த வாரியம் குறையற்றது அல்ல. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் ஆபத்தான கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் வெளியிடும் வழக்கம் அங்கே இருக்கிறது. சென்னை மாநகராட்சியும் புரட்டாசிக்குள் இப்படி ஒரு கணக்கெடுப்பை முடித்து வெளியிட வேண்டும். சிறு உரிமையாளர்களுக்குக் குறைந்த வட்டியில் பழுதுபார்ப்புக் கடன் தர வேண்டும்.

சட்டத்தில் எனக்கு வேண்டியது பெரிய மாற்றம் அல்ல. எழுத்தில் பழுதைச் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் காலி செய்யச் சொன்னாலோ, புதுப்பிக்க மறுத்தாலோ, அது பழிவாங்கல் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது என்று ஒரு பிரிவு. மின்கசிவு, கூரை, கழிவுநீர் ஆகியவற்றுக்கு நாள் கெடு. வாடகை அதிகாரியோடு மாநகராட்சிப் பொறியாளர் ஒருவர் வந்து நேரில் பார்த்து அறிக்கை தரும் ஏற்பாடு. சீலிங் விழுமா விழாதா என்பதை, வாடகை அதிகாரியாக இருக்கும் வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மனுவைப் படித்து முடிவுசெய்ய முடியாது.

இவை வரும்வரை குடியிருப்பவர் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஃபோனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். தேதி போட்டுக் கடிதம் எழுதி, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். கண்டித்து எழுத வேண்டாம், மரியாதையாக எழுதினால் போதும். படம் எடுக்கும்போது அருகில் அன்றைய நாளிதழை வைத்து எடுங்கள். எலக்ட்ரீஷியனோ கொத்தனாரோ பார்த்துச் சொன்னதை அவர் கையாலேயே எழுதி, மதிப்பீட்டுத் தொகையும் போட்டு வாங்கி வையுங்கள். வாடகையை ஒருபோதும் மொத்தமாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய மறுகணம் நீங்கள் பழுதைப் பற்றிப் புகார் சொன்னவர் என்ற நிலை போய், பாக்கி வைத்தவர் ஆகிவிடுவீர்கள். மின்சாரக் கசிவு என்றால் இவை எதற்கும் காத்திருக்காமல் மெயினை அணையுங்கள். உயிர் இருந்தால் வழக்கை மெல்ல நடத்திக்கொள்ளலாம்.

அடுத்த ஒப்பந்தம் எழுதும்போது ஒரு பத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் போதும். என்னிடம் வரும் உரிமையாளர்களிடமும் இதைக் காட்டுகிறேன். விளக்கிச் சொன்னால் பலர் மறுப்பதில்லை, ஏனென்றால் சின்னக் கசிவில் கவனித்தால் பெரிய செலவு மிச்சம் என்பது அவர்களுக்கும் தெரியும். பத்தி இது:

'மின்கசிவு, கூரைப் பூச்சு பெயர்தல், குடிநீர் அல்லது கழிவுநீர்க் குழாய் உடைதல் ஆகியவற்றைக் குடியிருப்பவர் எழுத்தில் தெரிவித்த 48 மணி நேரத்துக்குள் உரிமையாளர் ஆள் அனுப்பிப் பார்க்கச் செய்வார். ஏழு நாளில் வேலை தொடங்காவிட்டால் குடியிருப்பவர் தக்க ரசீதுகளோடு வேலையை முடித்து, செலவை மாதம் பாதி வாடகை வீதம் கழித்துக்கொள்வார். கழித்து முடியும்வரை இந்த ஒப்பந்தம் அதே வாடகையில் நீடிக்கும்.'

கடைசி வாக்கியத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். இந்தப் பத்தியின் பிரதிகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன; வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்களும் ஒன்று எடுத்துச் செல்லுங்கள்.